தகடு, ஆவி, பல்லி

அன்பு மகள் ஆந்தைக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். இந்த வரியை எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை, நிஜமாகவே நலமாக இருப்பதால் எழுதுகிறேன். போன ஐந்தாறு மாதமாகப் போனில் நீ கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன "நல்லா இருக்கோம்" அவ்வளவு உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ அங்கே பயந்துபோவாய், நடந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கவும் முடியாது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது, அதனால் பதறாமல் படி.

போன மாதம் ஒரு கேள்வி கேட்டாயே, "அப்பாவுக்கு என் மேல இன்னும் கோபமாம்மா? ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்'னு போனை நீட்டிடறாரே" என்று. பாலங்களில் விரிசல் பார்க்கும் அந்த வேலைக்கு நீ அவ்வளவு தூரம் போனது அவருக்குப் பிடிக்கவில்லை, நீ கிளம்பிய அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்குக்கூட வரவில்லை, எல்லாம் உண்மைதான். நீ அதையே நினைத்து உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்று மழுப்பிவிட்டேன். ஏனென்றால் அவர் பேசாததற்கு வேறு ஒரு காரணம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கோபத்தைவிட மோசமான காரணம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்குத்தான் உங்கள் அப்பாவைப் பற்றித் தெரியுமே. பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர், படித்தது பத்தாவது, ஆனால் அவருக்குத் தெரியாத துண்டுச் செய்தி கிடையாது. வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும், ஒட்டகச்சிவிங்கி கழுத்திலும் நம் கழுத்திலும் ஏழே எலும்புதான், தேனீக்கு ஐந்து கண் என்று எதையாவது சோற்றில் கை வைக்கும்போது சொல்லுவார். அந்த நீல நோட்டில் வழக்கொழிந்த சொற்களை வேறு எழுதி எழுதி வைப்பார். ஆண் நண்டு அலவன், பெண் நண்டு நள்ளி. பெண் ஆந்தைக்கு அளகு என்று பெயர் என்று கண்டுபிடித்த அன்று, ராத்திரியெல்லாம் விழித்துப் படிக்கும் உனக்கு அந்தப் பெயரை வைத்தே தீருவேன் என்று நின்றாரே, நீ கூட "ஆந்தையே பரவாயில்லப்பா, விட்டுடுங்க" என்றாய். ஓய்வு பெற்ற பிறகு தினமும் மாலை ஏழு மணிக்கு டிவியில் வரும் வினாடி வினாதான் அவருக்கு வேலை. மாடிவீட்டு டீச்சரும் அந்த நேரத்துக்கு இறங்கி வந்துவிடுவாள். அங்கே போட்டியாளர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே இவர் இங்கே பதிலைச் சொல்லிவிட்டு, ஏதோ இவருக்கே பரிசு வந்துவிட்ட மாதிரி காலை ஆட்டுவார்.

அப்படிப்பட்டவர் இந்த வருஷ ஆரம்பத்திலிருந்து தப்புத்தப்பாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டார்கள். இவர் கம்பீரமாக "எட்டு" என்றார். டீச்சர் சிரித்துவிட்டு, "சார், எட்டு காலுக்கு, இதயம் மூணுதான்" என்றாள். வாய் தவறிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த வாரம், மனித உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி. இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சர்க்கரை டப்பாகிட்ட" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை ஆந்தை, முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் பார்க்கிற இடத்தில் எல்லாம் அதுவே தெரிந்தது. சீப்பு கேட்டால் சோப்பு கொண்டுவந்து கொடுத்தார். கிழிந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நூல் எடுங்கள் என்றால் பாலைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து நின்றார். இரண்டு தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், மூன்றாம் தரம் தோளைத் தொட்டால் தூக்கிவாரிப்போடும். சலவைக் கடையில் மத்தியானம் ஆள் வராத நேரத்தில் போனில் மறதி நோய் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பத்து அறிகுறி போட்டிருந்தார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்குவது, போனைத் தவிர்ப்பது. எட்டுக்கு ஆமாம் வந்தது. கவுண்டரில் வாடிக்கையாளர் சட்டைக்கு எண் சீட்டு குத்திக்கொண்டிருந்தவள், கோட்டுக்குக் குத்த வேண்டியதைப் பட்டுப்புடவைக்குக் குத்திவிட்டேன், முதலாளியம்மா என்ன ஆச்சு என்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. டப்பாக்கள் மேல் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். ஸ்கூட்டர் சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன், வண்டி சரியில்லை என்று பொய் சொன்னேன். டீச்சர் முன்னால் அவர் அசட்டுத்தனமாக ஆகிவிடக் கூடாதே என்று ஏழு மணிக்கு வினாடி வினாவை மாற்றி சீரியலைப் போட்டேன். ஏன் மாற்றினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சீரியலைப் பார்த்தார். சீரியல் உனக்குத் தெரியாததா, ஒருத்தி கதவைத் திறக்க மூன்று நாள், அவள் உள்ளே வந்ததும் ஆறு பேர் முகத்தை மும்மூன்று தடவை காட்ட இன்னொரு நாள். யாராவது மயங்கி விழுந்தால் டாக்டர் நாடியைப் பிடித்ததும் கர்ப்பம் என்று சொல்லிவிடுவார், அந்த வீட்டில் ஒருவருக்கும் வெறும் தலைசுற்றல் வருவதே இல்லை. இதையெல்லாம் அவர் முன்பு என்னமாய்க் கிண்டல் செய்வார், இப்போது அந்தக் கிண்டலும் இல்லை. ஒரு திங்கட்கிழமை, மூத்த மருமகளைக் காட்டி "இவ யாரு?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மாதக்கணக்கில் தினம் பார்க்கிற முகம். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அப்போது டீச்சர் பின்னாலேயே வந்து, "அக்கா, அழாதீங்க. சார் கேட்டது சரிதான். அந்த நடிகை விலகிட்டா. இன்னிக்குத்தான் புது ஆளைப் போட்டிருக்காங்க. 'இவருக்குப் பதில் இவர்'னு கீழே ஒரு செகண்டு எழுத்து ஓடுச்சு. நானே கவனிக்கல" என்றாள். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை. மறதி வந்தவர் என்று நான் முடிவு கட்டியிருந்த மனுஷர் ஒருவர்தான் அந்த அறையில் ஆள் மாறியதைக் கண்டுபிடித்தவர். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஏதோ ஒரு நல்ல நாள் போல, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண், முகத்தில் மாஸ்க், அவளிடம் விஷயத்தை முன்பே சொல்லி வைத்திருந்தேன். சின்ன அறை, தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று. அவள் அவரை உட்காரவைத்து, "ஐயா, மூணு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க, அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன், ஞாபகம் வச்சுக்கணும். படகு, சாவி, வெள்ளி" என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தகடு, ஆவி, பல்லி" என்றார். அவள் தாளில் எதையோ குறித்தாள். அப்புறம் ஒரு தாளை நீட்டி, இதிலிருக்கிற கணக்கைப் போடுங்கள் என்றாள், போட்டுவிட்டார். பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையுங்கள் என்று எழுதியிருந்ததைப் படித்து அச்சடித்த மாதிரி வரைந்தார். ஐந்து நிமிஷம் கழித்து, "முன்னால சொன்ன மூணு வார்த்தை என்ன?" என்று மூன்று விரலைக் காட்டிக் கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "தகடு, ஆவி, பல்லி."

அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டேன். "டாக்டர், எழுதாதீங்க. ரெண்டு தடவையும் அதே மூணு வார்த்தை. வரிசைகூட மாறல. மறந்திருந்தா எப்படி டாக்டர் அப்படியே வரும்?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பிறகு மெதுவாக மாஸ்க்கைக் கழற்றிவிட்டு விசிறியை நிறுத்தினாள். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "படகு, சாவி, வெள்ளி" என்றாள். "படகு, சாவி, வெள்ளி. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் உங்கள் அப்பா. அவள் எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், "ஐயா, உங்க சட்டை தீப்பிடிச்சிருக்கு" என்றாள். அவர் பாட்டுக்குச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்து, "அம்மா, ஞாபகம் தங்கம் மாதிரி இருக்கு. காதுதான் போயிருக்கு" என்றாள். ஆந்தை, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுத அழுகையை என் கல்யாணத்தில்கூட அழவில்லை. எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அவர் பயந்துபோய், "என்ன, உனக்கு ஏதாவது பெரிய வியாதியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காது பரிசோதனை செய்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட பெட்டி மாதிரி ஓர் அறை, உள்ளே அவர் காதில் பெரிய கருவியை மாட்டி, ஓசை கேட்டால் அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வெளியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதனை செய்கிற பெண் ஒவ்வொரு ஓசையாக அனுப்ப, அவர் எதையோ எதிர்பார்க்கிற முகத்தோடு, விரலைப் பொத்தான் மேல் வைத்தபடியே, ரொம்ப நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க என்னால் தாங்கவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் அவரிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். சொன்னார். காலை முதல் மாலை வரை ஆயிரக்கணக்கில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடுமே, அந்த இரைச்சல்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டிருக்கிறது. "அங்க யாரும்மா காதால கேட்டோம்? ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துத்தான் பேசிக்குவோம்" என்றார் சர்வசாதாரணமாக. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வினாடி வினாவில் பழைய தொகுப்பாளர் மழமழவென்று சவரம் செய்த முகம், கேள்வியைத் திரையிலும் எழுதிக் காட்டுவார்கள். இந்த வருஷம் வந்த புது ஆளுக்கு உதட்டை மூடுகிற மீசை, கேள்வியையும் எழுதிக் காட்டுவதில்லை! அந்த மீசைதான், ஆந்தை, என்னை ஆறு மாதம் அழவைத்தது. அந்தப் பெண் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய காதைப் பிரித்துக் காட்டி, "இதோ இதுதான் அங்கவடி எலும்பு, உடம்பிலேயே ரொம்பச் சின்ன எலும்பு" என்றாள். இவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "எலும்பா கேட்டான்? எனக்கு எறும்புன்னு விழுந்துது" என்றார். எந்த இடம் என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அன்று வீட்டுக்கு வந்ததும், அங்கவடி என்ற சொல்லை எழுதிவை என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். உள்ளே எழுதியிருப்பதை மறந்து கொடுத்தாரோ, வேண்டுமென்றே கொடுத்தாரோ தெரியாது. திறந்தால் கடைசி நான்கு மாதத்துப் பக்கங்களில் ஒரு புதுச் சொல்லும் இல்லை. ஒவ்வொரு நாளும் தேதி போட்டு ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார். உன் பிறந்த நாள், உன் போன் எண், உன் விலாசம், உன் வேலை பாலங்களில் விரிசல் பார்ப்பது, உனக்குக் கத்தரிக்காய் ஆகாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை தண்டனைக்கு எழுதுகிற மாதிரி நாள் தவறாமல். நான் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டியதையும் சாவியை ஒளித்ததையும் பார்த்து, தனக்கு என்ன வந்திருக்கிறது என்று நான் நினைத்தேனோ அதையே அவரும் நினைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் தனியாகப் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். போனில் நீ பேசுவது அவருக்குப் பாதிகூட விளங்கவில்லை, வாயைப் பார்க்கவும் வழியில்லை. ஏதாவது உளறினால் நீ கண்டுபிடித்துவிடுவாயே என்றுதான் உடனே என்னிடம் நீட்டியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்துக் கடைசியிலும் ஒரு வரி: "கிளம்பின அன்னிக்கு வாசலுக்கு வராதது தப்பு. மறந்துபோறதுக்குள்ள அவகிட்ட சொல்லணும்." நூற்றுப் பத்துப் பக்கம் ஆந்தை, எண்ணிப் பார்த்தேன். அவர் குளித்துவிட்டு வந்தபோது நோட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மன்னிப்பு என்று வாயைத் திறந்தேன், "வண்டி சரியாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லாம் தெரிந்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

கருவி போட்டு மூன்று வாரம் ஆகிறது. இரண்டு காதுக்கும், பின்பக்கம் வளைந்து உட்கார்ந்துகொள்கிற மாதிரி. முதல் நாள் வீட்டுக்குள் வந்தவர் நடுக்கூடத்தில் நின்று, "இது என்ன சத்தம்?" என்றார். ஃபிரிட்ஜ். அடுத்தது "இது?" அவருடைய செருப்புதான். தாள் புரட்டினால் சத்தம் வரும் என்பதையே மறந்துபோயிருக்கிறார், பேப்பரைப் படிக்காமல் சும்மா புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது நோட்டில் மறுபடி சொற்கள் வந்துவிட்டன, எல்லாம் ஓசைக்கான பழைய சொற்கள். கம்பலை, சும்மை, துழனி. அரவம் என்றால் ஓசையும்தான் பாம்பும்தான் என்று சொல்லிவிட்டு, பாம்புக்கு வெளிக்காது கிடையாது தெரியுமா என்று டீச்சரை மடக்கினார். வினாடி வினா மறுபடி ஓடுகிறது. மீசைக்காரர் குரல் இவருக்கு இப்போது பிடித்துவிட்டது, மனுஷன் நல்லாத்தான் பேசறான் என்கிறார். டீச்சர்தான் தோற்றுக்கொண்டிருக்கிறாள்.

எனக்குத்தான் ஒரு சங்கடம். இத்தனை வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னால் தோன்றியதையெல்லாம் முணுமுணுத்துப் பழகிவிட்டேன், திட்டும் இருக்கும், மற்றதும் இருக்கும். போன புதன்கிழமை அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டே, "இந்த மனுஷன் மட்டும் இல்லேன்னா நான் என்னத்துக்கு ஆவேன்" என்று வாய்க்குள் சொன்னேன். அவர் திரும்பி, "என்ன சொன்னே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "இல்ல, நல்லாக் கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கலாமேன்னுதான்" என்றார். இந்த வயதில் எனக்கு முகம் சிவந்துபோனது, நீ யாரிடமும் சொல்லாதே.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். கருவி போட்டவர்களுக்குப் போன் குரல்தான் கடைசியாகப் பிடிபடுமாம், அதற்குத் தனியாகப் பழக வேண்டுமாம். அதனால் தினமும் மத்தியானம் கடைக்குப் போன் பண்ணுகிறார். நான் பத்து வார்த்தை சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலாளியம்மா வேலையைப் பார் என்று சொல்லாமல், தானும் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறாள். முதல் நாள் மூன்று, நேற்று ஒன்பது. பத்துக்குப் பத்து வாங்காமல் உன்னிடம் பேச மாட்டேன் என்று வீம்பு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாளாவது ஆகும், அதற்குள் வாங்கிவிடுவார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எடுப்பேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதே. அவர் எடுக்கிற அன்று நீ கத்த வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும். வாசலுக்கு வராத கதையை அவரே எடுத்தால் எடுக்கட்டும், நீயாகக் கேட்காதே, நோட்டைப் பற்றி நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே.

உயரமான பாலத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையைச் சரியாக மாட்டிக்கொள். அங்கே இயந்திரச் சத்தத்தில் நிற்கும்போது காதுக்கு அடைப்பான் கொடுப்பார்களாமே, வெட்கப்படாமல் போட்டுக்கொள், தலைமுடி கலைந்தால் கலையட்டும். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த சந்தோஷத்தோடும், நினைத்ததெல்லாம் கைகூடி, நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவர் போனை எடுத்து ஹலோ சொன்னதும், பழக்க தோஷத்தில் "அம்மா இல்லையா?" என்று கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா